சர்வருக்குத் தெரியாத கார்டும் நாம் கேட்காத நிபந்தனையும்

செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று மேற்கே போகிறவர்களுக்கும், ஒரகடம், வல்லம் வடகால் என்று தெற்கே திரும்புகிறவர்களுக்கும் முதலில் கண்ணில் படுபவை, மோட்டார் வாகனங்களும் செல்போன்களும் கண்ணாடியும் செய்கிற பெரிய ஸ்தாபனங்களின் நீண்ட மதில்களே. அந்த மதில்களுக்குள் ஷிஃப்டுக்கு ஷிஃப்டு நடக்கிற உற்பத்தி, சாலையை விட்டு ஒதுங்கிய தெருக்களில் ஷீட் கூரையின் கீழ் பிரஸ் மெஷினும் சி.என்.சி. மெஷினும் வைத்துக்கொண்டு உதிரி பாகம் செய்துகொடுக்கிற சிறு தொழிற்சாலைகளை நம்பியிருக்கிறது என்பதும், அந்தச் சிறு தொழிற்சாலைகளோ பெரும்பாலும் அலுவலக மூலையில் இரைந்துகொண்டிருக்கும் ஒரே ஒரு சர்வரை நம்பியிருக்கின்றன என்பதும் நம்முடைய தொழில் வளர்ச்சியைப் பற்றிய பிரசங்கங்களில் அதிகமாக இடம்பெறுவதில்லை. அந்த ஒரு சர்வரைப் பற்றி, அதிலும் அதனுள் சொருகியிருக்கும் நெட்வொர்க் கார்டு என்னும் சிறு உறுப்பைப் பற்றி, ஒரு நாளிதழில் இடம் கேட்டு எழுத வேண்டிய அவசியம் என்ன என்று வாசகர் வினவலாம். அவசியம் உண்டு என்பதே என் அபிப்பிராயம்.

2023 ஆகஸ்டு 1-ஆம் தேதி முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனம் எதுவும் மற்றொரு நிறுவனத்துக்குச் சரக்கு அனுப்பும்போது, பில்லின் விவரத்தை ஜி.எஸ்.டி. தளத்துக்கு அனுப்பி, அதற்குரிய ஐ.ஆர்.என். என்ற பில் பதிவெண்ணையும் கியூ.ஆர். குறியீட்டையும் பெற்று, அந்தக் குறியீட்டுடன்தான் பில் கொடுக்க வேண்டும். லாரிக்கு இ-வே பில் வேண்டும். வாங்குகிற பெரிய கம்பெனியின் கேட்டில் வண்டி நுழைவதற்குமுன், எத்தனை உருப்படிகள் வருகின்றன என்ற முன்னறிவிப்பு அவர்களுடைய கம்ப்யூட்டரில் ஏறியிருக்க வேண்டும். இவையெல்லாம் சர்வரும் வலைப்பின்னலும் சேர்ந்து செய்கிற காரியங்கள். சர்வர் பழுதாகிப் புதியது வாங்கி, அதில் இயங்குதளத்தை நிறுவ உட்காருகிற இளைஞருடைய திரையில், நெட்வொர்க் அடாப்டர் எதுவும் காணப்படவில்லை என்ற வாசகம் வந்து நின்றால், செய்து முடித்த சரக்கு பாலட்டில் ஏறிய நிலையிலேயே காத்துக்கிடக்கும். வேறொரு கம்ப்யூட்டரில் அரசுத் தளத்தைத் திறந்து பில் விவரங்களைக் கையால் ஏற்றலாம் என்பது உண்மையே; ஆனால் அந்த விவரங்கள் இருப்பதும் இந்த சர்வருக்குள்தான்.

அந்த இளைஞர் பெரும்பாலும் ஏதேனும் சிறு சர்வீஸ் கம்பெனியில் மாதச் சம்பளத்துக்கு இருப்பவர். பைக்கில் ஒரு பென்டிரைவும் ஸ்க்ரூடிரைவர் செட்டும் வைத்துக்கொண்டு ஒரகடத்துக்கும் பூந்தமல்லிக்கும் இடையில் அலைபவர். முதலாளி பின்னால் நின்றுகொண்டு கேட்கிற முதல் கேள்வி, உனக்கு இந்த வேலை தெரியுமா தெரியாதா என்பதாகவே இருக்கிறது. இந்தக் கேள்வி அநியாயமானது என்று சொல்லவே இதை எழுதுகிறேன். கார்டு தெரியாமல் போவதற்கு, நிறுவுகிறவருடைய அறியாமை மிகச் சில வேளைகளில்தான் காரணமாகிறது. பெரும்பாலான வேளைகளில், அந்த யந்திரத்தைச் செய்தவரும் விற்றவரும் வாங்கியவரும் தத்தமக்குள் தீர்த்துக்கொள்ளாமல் விட்ட ஒரு விஷயம், கடைசியில் அவர் தலையில் வந்து விழுகிறது.

தெரியவில்லை என்று பொதுப்படச் சொல்வதற்குள்ளே ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல நிலைகள் அடங்கியிருக்கின்றன. மதர்போர்டில் சொருகப்பட்ட ஒவ்வொரு கார்டும், தன்னைச் செய்த கம்பெனிக்குரிய எண் ஒன்றையும், தன் ரகத்துக்குரிய எண் ஒன்றையும், யந்திரம் உயிர்பெறும்போது வெளியிடுகிறது. இன்டெல் கம்பெனியின் எண் 8086; அக்கம்பெனிக்குப் புகழ் தேடித் தந்த பழைய பிராசஸரின் பெயரே அந்த எண்ணாக அமைந்திருக்கிறது. பிராட்காமுக்கு 14இ4, ரியல்டெக்குக்கு 10இசி. டிரைவர் என்று நாம் சொல்லுகிற மென்பொருள், தனக்கு எந்தெந்த எண்கள் உடன்பாடு என்ற பட்டியலைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. பட்டியலில் எண் இருந்தால் கார்டை ஏற்கும். இல்லாவிட்டால், கார்டு எவ்வளவு நேர்த்தியான சரக்காயினும், பக்கத்திலேயே அதன் உடன்பிறப்பான பழைய ரகம் வேலை செய்துகொண்டிருந்தாலும், இயங்குதளம் அதைப் பாராமலே கடந்துவிடும். ஆகவே, கார்டு தன் எண்ணைச் சொல்லியும் யாரும் ஏற்காத நிலை வேறு; கார்டே எண்ணைச் சொல்லாத நிலை வேறு. லினக்ஸில் எல்.எஸ்.பி.சி.ஐ. என்ற கட்டளையும், விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு தோன்றும் பெயரில்லாத ஈத்தர்நெட் கன்ட்ரோலர் என்ற வரியும் இந்த இரண்டையும் ஒரு நிமிஷத்தில் பிரித்துக் காட்டிவிடும். இந்தப் பிரிவைச் செய்யாமல் இயங்குதளத்தையே மறுபடியும் மறுபடியும் நிறுவிப் பார்த்து ஓர் இரவைக் கழிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் உழைப்பில் குறைந்தவர்கள் அல்லர், வரிசையாக விசாரிக்கும் வழியை அவர்களுக்கு எவரும் கற்றுத் தரவில்லை.

எண்ணே வராத நிலையில், தேட வேண்டிய இடம் இயங்குதளம் அன்று, யந்திரத்தின் உடல். யந்திரத்தின் தொடக்க அமைப்பான பயாஸில் அந்த போர்ட்டை யாரேனும் அணைத்து வைத்திருக்கலாம். கார்டு சரியாக அமராமல் இருக்கலாம். இவற்றைவிட நுட்பமான ஒரு காரணத்தை அனுபவஸ்தர்கள்கூடத் தவறவிடுகிறார்கள். இரண்டு பிராசஸர் பொருத்தத்தக்க சர்வரை, செலவைக் கருதி ஒரே பிராசஸருடன் வாங்குவது நம் சிறு தொழிலதிபர்களின் வழக்கம். அது விவேகமான வழக்கமும்கூட. ஆனால் அத்தகைய மதர்போர்டில் கார்டு சொருகும் இடங்களில் சில முதல் பிராசஸரோடும், சில இரண்டாவது பிராசஸரோடும் இணைக்கப்பட்டிருப்பதால், இரண்டாவது பிராசஸரின் இடம் காலியாக இருக்கும்போது அதற்குரிய ஸ்லாட்டில் சொருகிய கார்டு இந்த உலகத்தில் இல்லாததற்குச் சமானமாகிவிடும். கார்டைக் கழற்றி அடுத்த ஸ்லாட்டில் போட்டால் தீர்கிற காரியம் இது. கார்டுக்குப் பழுது என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பி, மாற்று வரும்வரை காத்திருந்து, அதையும் அதே ஸ்லாட்டில் சொருகி ஏமாறுகிறவர்கள் உண்டு.

எண் வந்து, டிரைவரும் ஏற்று, அப்போதும் கார்டு உயிர்பெறாத ஒரு நிலை இருக்கிறது. அதுதான் இந்த விஷயத்தின் மர்மஸ்தானம். பல கார்டுகளுக்குள்ளே ஒரு சிறு பிராசஸர் இருக்கிறது. அது செய்ய வேண்டியதை அதற்குச் சொல்லும் ஃபர்ம்வேர் என்ற கோப்பை, ஒவ்வொரு முறை யந்திரம் தொடங்கும்போதும், டிரைவர் எடுத்து ஊட்ட வேண்டும். அந்தக் கோப்பின் மூலநிரலைக் கம்பெனிகள் வெளியிடுவதில்லை. சுதந்திர மென்பொருளைக் கொள்கையாகக் கொண்டு டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பை வெளியிடும் திட்டத்தார், 2011 பிப்ரவரியில் வெளியிட்ட தங்கள் 6-ஆம் பதிப்பின் கர்னல் என்ற மைய நிரலிலிருந்து இத்தகைய மூடிய கோப்புகள் அனைத்தையும் நீக்கினார்கள். அந்தக் காலத்தில் டெல், எச்.பி. ஆகிய கம்பெனிகளின் சர்வர்களில் பெருவாரியாக இருந்தது பிராட்காமின் நெட்எக்ஸ்ட்ரீம் 2 என்ற ரகம். டெபியனை நிறுவத் தொடங்கினால், இந்தக் கார்டுக்கு இன்ன பெயருள்ள கோப்பு வேண்டும், பென்டிரைவில் கொண்டுவந்து தருக என்று திரை கேட்கும். கோப்போ வலைத்தளத்தில் இருக்கிறது. வலைத்தளத்துக்குப் போவதற்கு வேண்டியது அந்தக் கார்டு. பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்ட கதைதான்.

டெபியன் திட்டத்தாரின் கொள்கைப் பற்று மதிக்கத்தக்கது. ஆனால் அந்தக் கொள்கைக்கான விலையைக் கொடுத்தவர், கோப்பை மூடிவைத்த கம்பெனி அன்று. நடுராத்திரியில் இன்னொரு கம்ப்யூட்டரைத் தேடி அலைந்த நிறுவுநரே கொடுத்தார். பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு, 2022 அக்டோபரில் முடிந்த பொது வாக்கெடுப்பில், நிறுவும் பிரதியிலேயே இந்த ஃபர்ம்வேர் கோப்புகளைச் சேர்க்கலாம் என்று அவர்கள் தீர்மானித்து, 2023 ஜூனில் வெளிவந்த 12-ஆம் பதிப்பு முதல் அவ்வாறே செய்துவருகிறார்கள். சமூக ஒப்பந்தம் என்ற தங்கள் கொள்கைப் பத்திரத்தின் வாசகத்தையே மாற்றிக்கொண்டு எடுத்த முடிவு அது. நம் சென்னையிலுள்ள, மத்திய அரசின் சி-டாக் நிலையம் உருவாக்கி 2007 முதல் வெளியிட்டுவரும் பாஸ் லினக்ஸ் இதே டெபியனை அடித்தளமாகக் கொண்டது. ஆதலால் இந்த விவாதம் எங்கோ ஐரோப்பாவில் சில நிபுணர்கள் தமக்குள் நடத்திக்கொண்ட தர்க்கம் என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

மூடிவைப்பது ஒரு வகை என்றால், கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வது மற்றொரு வகை. வி.எம்.வேர் கம்பெனி 2020 ஏப்ரலில் வெளியிட்ட, ஒரே யந்திரத்தில் பல சர்வர்களை ஓட்டும் இ.எஸ்.எக்ஸ்.ஐ. என்ற இயங்குதளத்தின் 7-ஆம் பதிப்பில், பழைய லினக்ஸ் டிரைவர்களை ஏற்றுவதற்கென்றிருந்த இடைத்தளத்தை அடியோடு நீக்கியது. அதை நம்பியிருந்த கார்டுகள் அன்றுமுதல் அந்தப் புதிய பதிப்புக்கு இல்லாதவையாயின; நிறுவும் நிரலோ, ஒரு நெட்வொர்க் கார்டாவது தெரிந்தாலன்றி மேலே நகராது. 2019 மே மாதம் வந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 8-உம் பல பழைய சாதனங்களுக்கான டிரைவர்களைக் கைவிட்டது. எல்ரெப்போ என்ற தொண்டர் குழு அவற்றைத் தனியே தொகுத்து, நிறுவும்போதே ஏற்றத்தக்க வட்டுகளாகக் கொடுத்துவருகிறது. இன்னும் ஒன்று: இன்டெல் ஐ219 என்ற கார்டில் எல்.எம். என்றும் வி. என்றும் இரண்டு வகைகள் உண்டு. ஏறக்குறைய ஒரே சாதனமாயினும், விண்டோஸ் சர்வரில் முதல் வகைக்கு டிரைவர் நிறுவப்படும், இரண்டாவதற்கு மறுக்கப்படும். வி. வகை, வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கான மதர்போர்டுகளில் வருவது. சென்னை ரிச்சி தெருவில் அத்தகைய மதர்போர்டை வாங்கி அசெம்பிள் செய்து, அதையே சர்வராக வைத்துக்கொள்ளும் தொழிற்சாலை நம் பகுதியில் அபூர்வமன்று. அந்த எழுத்து வேறுபாட்டைப் பற்றி விற்றவர் சொல்லவில்லை, வாங்கியவர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

பழைய சாதனங்களை என்றென்றைக்கும் சுமந்துகொண்டிருக்க முடியாது என்ற வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. டிரைவர் என்பது எழுதி முடித்துவிட்டு மறந்துபோகத்தக்க வஸ்துவன்று. கர்னல் மாறும்தோறும் அதையும் திருத்திப் பரீக்ஷித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், அந்தப் பழைய கார்டும் கைவசம் வேண்டும். ஆனால் தன் கார்டின் இலக்கணத்தையும் மூலநிரலையும் வெளியிட்டுவிட்ட கம்பெனியின் சரக்கை, அந்தக் கம்பெனி கைவிட்ட பின்பும் வேறு எவரேனும் பராமரிக்க முடிகிறது. வெளியிடாத கம்பெனியின் சரக்கு, நல்ல நிலையில் இருக்கும்போதே குப்பையாகிறது. பழைய யந்திரத்தைப் பத்து ஆண்டு வைத்து ஓட்ட வேண்டிய நிர்ப்பந்தத்தில் இருக்கும் சிறு தொழிலதிபருக்கு, இந்த வேறுபாடு லட்சக்கணக்கில் பணம்.

இதன் கொடுமை முழுவதும் வெளிப்படுவது ஆபத்துக் காலத்தில்தான். 2015 டிசம்பர் முதல் வாரத்தில், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்ட அந்த நாட்களில், அடையாற்றங்கரை மாத்திரமல்லாமல் இந்தத் தொழிற்பேட்டைகளும் மழையால் ஸ்தம்பித்தன. ஹூண்டாய், ரெனோ-நிசான், ராயல் என்ஃபீல்டு முதலிய பெரிய ஆலைகளே உற்பத்தியை நிறுத்தி வைத்தன. அத்தகைய வெள்ளத்தில் சர்வர் நனைந்துபோன ஒரு சிறு தொழிற்சாலை, கணக்குகளின் பிரதியை வெளியே பத்திரமாக வைத்திருந்ததாகவே கொள்வோம். பழைய யந்திரத்தின் முழுப் பிரதியைப் புது யந்திரத்தில் இறக்குகிறார்கள். இறங்குகிறது, திரையும் வருகிறது, ஆனால் 2009-இல் வெளிவந்த விண்டோஸ் சர்வருக்கு அதன்பின் பல ஆண்டுகள் கழித்துச் செய்யப்பட்ட கார்டின் எண் தெரியாது. பிரதி எடுப்பதைப் பற்றி எல்லோரும் உபதேசம் செய்கிறார்கள். பிரதி எந்த யந்திரத்தில் இறங்கப் போகிறதோ, அதன் டிரைவர்களையும் அதே பென்டிரைவில் சேர்த்து வைக்கும்படி சொல்கிறவர்கள் சிலரே. ஏரியின் அருகே தொழில் செய்கிற நாம் இதை வருஷந்தோறும் ஐப்பசி பிறப்பதற்குமுன் செய்து முடிக்க வேண்டும்.

அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. அதை இங்கே சொல்லிவிடுவது உபகாரமாயிருக்கும். லினக்ஸோ விண்டோஸோ நிறுவும்போது கார்டு தெரியாவிட்டால், ஆண்ட்ராய்டு செல்போனை யு.எஸ்.பி. கேபிளால் சர்வரோடு இணைத்து டெதரிங் செய்தால், பெரும்பாலும் போனே ஒரு நெட்வொர்க் கார்டாகத் தோன்றும். அதன் வழியே வேண்டிய டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். சில நூறு ரூபாய் விலையுள்ள யு.எஸ்.பி. லேன் அடாப்டரும் இதே பணியைச் செய்யும். கார்டு தெரிந்த பிறகும் வேலை செய்யாவிட்டால், பெயரைப் பாருங்கள்: 2013-க்குப் பிறகு வந்த பல லினக்ஸ் பதிப்புகளில் ஈ.டி.எச்.0 என்ற பழைய பெயருக்குப் பதிலாக, கார்டு அமர்ந்திருக்கும் இடத்தைக் குறிக்கிற நீண்ட பெயர் வந்துவிட்டதால், பழைய பெயரை எழுதி வைத்த அமைப்புக் கோப்பு பயன்படாது. ஃபைபர் கேபிள் பொருத்தும் கார்டாயின், முனையிலுள்ள எஸ்.எஃப்.பி. மாட்யூலையும் சந்தேகியுங்கள், இன்டெல் எக்ஸ்520 கார்டு, தான் அங்கீகரிக்காத மாட்யூலைக் கண்டால் இயங்க மறுக்கும். இவ்வளவையும் கர்னல் தன் பதிவில் எழுதியே வைக்கிறது. அந்தப் பதிவை வாசிக்கும் பழக்கத்தை நம் ஐ.டி.ஐ.களிலும் பாலிடெக்னிக்குகளிலும் உண்டாக்க வேண்டும். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் என்ற திறன் பயிற்சித் திட்டத்தின்கீழ் எத்தனையோ புதிய பாடங்கள் வந்திருக்கின்றன. எல்லாம் சரியாக ஓடுகிற யந்திரத்தில் இயங்குதளத்தை நிறுவிக் காட்டுவதோடு நில்லாமல், கார்டு தெரியாத ஒரு யந்திரத்தை மாணவர்முன் வைத்து, காரணத்தைக் கண்டுபிடித்து எழுதச் சொல்லும் பரீட்சை ஒன்று அவற்றில் சேருமானால், அதன் பலனை இந்தச் சாலையிலேயே காணலாம்.

ஆயினும் பயிற்சியால் மாத்திரம் தீர்கிற விஷயமன்று இது. வாங்குகிறவர் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு முன்மாதிரி உண்டு: 2006 முதல் 2008 வரை சி. உமாசங்கர் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அந்த அரசு நிறுவனம் தன் கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாற்றியது. ஒரு மாநிலத்துக்காகக் கம்ப்யூட்டர் வாங்குகிற ஸ்தாபனம் தனக்கு வேண்டிய இயங்குதளம் இது என்று பெயர் சொல்லி நின்றால், விற்க வருகிறவர் தம் சரக்கு அதில் ஓடுமா என்று பார்த்துக்கொண்டுதான் வருவார். தனித்தனியாக ஒவ்வொரு சர்வர் வாங்குகிற சிறு தொழிலதிபருக்கு அந்த வலிமை இல்லை என்பார்கள். இல்லைதான். ஆனால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் ஆகிய சிப்காட் தொழிற்பூங்காக்களின் தொழிலதிபர்கள் ஒன்றுகூடி, மின்வெட்டுக்கும் சாலைக்கும் மனுக் கொடுக்கிறார்களே. அதே கூட்டத்தில் சர்வர் வாங்கும் நிபந்தனை ஒன்றையும் பொதுவாக எழுதி வைத்துக்கொள்வதற்குத் தடை எது?

மத்திய அரசுக்கும் இதில் பாத்தியதை உண்டு. லேப்டாப், டேப்லெட், சர்வர் முதலியவற்றை இந்தியாவிலேயே செய்வதற்காக 2023 மே மாதத்தில் 17,000 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் ஒன்றை மத்திய அமைச்சரவை அங்கீகரித்தது. அந்த ஆண்டு நவம்பரில் 27 கம்பெனிகளுக்கு அனுமதி கிடைத்தது. 2007 முதல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை நடத்திவரும் டெல் கம்பெனியும், சுங்குவார்சத்திரத்தில் செல்போன் செய்யும் ஃபாக்ஸ்கானும் அவற்றில் அடங்கும். நம் வரிப்பணத்தில் ஊக்கம் பெற்று, நம் ஊரில், நம் பிள்ளைகளின் கைகளால் பூட்டப்படுகிற யந்திரத்திலுள்ள ஒவ்வொரு கார்டுக்கும், திறந்த டிரைவரும் தாராளமாக விநியோகிக்கத்தக்க ஃபர்ம்வேரும் இருந்தாக வேண்டும் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனமாகாது. எத்தனை உருப்படி செய்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கொடுத்தார்கள் என்று கணக்குக் கேட்கிற அரசு, செய்த உருப்படியை வாங்கியவன் தன் விருப்பம்போல் ஆள முடிகிறதா என்பதையும் கேட்கலாம்.

அரசின் அந்த நிபந்தனை வரும்வரை, அடுத்த சர்வருக்குப் பர்ச்சேஸ் ஆர்டர் எழுதப் போகிறவர்கள், பிராசஸர், மெமரி, ஹார்டு டிஸ்க் என்று எழுதி முடித்த பின் இந்த வாசகத்தையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்: “யந்திரத்திலுள்ள நெட்வொர்க் கார்டு ஒவ்வொன்றின் கம்பெனி எண்ணும் ரக எண்ணும் விலைப்பட்டியலில் குறிக்கப்பட வேண்டும்; நாங்கள் பெயரும் பதிப்பும் குறிப்பிட்டுள்ள இயங்குதளத்தை, வெளியிலிருந்து எந்தக் கோப்பும் சேர்க்காமல், அல்லது தாங்கள் யந்திரத்தோடு எழுத்துமூலம் பட்டியலிட்டுத் தரும் பென்டிரைவிலுள்ள கோப்புகளை மட்டும் கொண்டு, எங்கள் இடத்தில் எங்கள் ஆள்முன் நிறுவி, எல்லா போர்ட்களிலும் இணைப்பு வருவதைக் காட்டிய பின்னரே, பாக்கி 10 சதவீதத் தொகை கொடுக்கப்படும்.”